பல்பைப் பெரிதாக்கினால் எலக்ட்ரான் வருமா? ஒளிமின் விளைவை வண்ண ஒளியில் செய்துகாட்டும் முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பில் ஒளிமின் விளைவு, அதாவது ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவது, நடத்தும்போது ஆண்டு தவறாமல் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சார், சிவப்பு லைட்டையே இன்னும் பெரிசாப் போட்டா எலக்ட்ரான் வெளிய வராதா?"

மிக நல்ல கேள்வி. 19ஆம் நூற்றாண்டு இயற்பியலைக் கேட்டிருந்தால் "வரும்" என்றுதான் சொல்லியிருக்கும். ஒளி ஓர் அலை, அலை மோத மோத ஆற்றல் சேர்ந்துகொண்டே போகும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரத்தானே வேண்டும்?

இந்த அம்மி நகராது. எலக்ட்ரான் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபோட்டானின், அதாவது ஒளியின் ஓர் ஆற்றல் பொட்டலத்தின், அடியைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்த ஒற்றை அடி எவ்வளவு வலுவானது என்பதை ஒளியின் நிறம் தீர்மானிக்கிறது. பிரகாசம் தீர்மானிப்பது, நொடிக்கு எத்தனை அடி விழுகிறது என்பதை மட்டும்தான். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் தேர்வில் அப்படியே எழுதிவிடுவார்கள். ஆனால் மனசுக்குள் அந்தப் பழைய அம்மி அப்படியே இருக்கும். மங்கலான நீல ஒளி செய்யும் வேலையைப் பளிச்சென்ற சிவப்பு ஒளியால் செய்ய முடியவில்லை என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், பிறகு விளக்கமே தேவைப்படாது.

அதற்கு மூன்று சோதனைகளைச் சொல்கிறேன். முதலாவதை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே செய்யலாம். இரண்டாவது அழகானது, ஆனால் ஆபத்தும் உண்டு. ஆசிரியர் கையால் மட்டும் செய்ய வேண்டியது. மூன்றாவதற்குக் கல்லூரி ஆய்வகம் வேண்டும். மூன்றிலும் கேள்வி ஒன்றுதான்.

முதலில் 1240

சோதனைக்குப் போவதற்கு முன் ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 1240. ஒளியின் அலைநீளம் நானோமீட்டரில் தெரிந்தால், 1240-ஐ அதனால் வகுத்தால் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் கிடைத்துவிடும். கடையில் கிடைக்கும் எல்இடிகளுக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும்:

சிவப்பு, 630 நானோமீட்டர்: 1.97
மஞ்சள், 590: 2.10
பச்சை, 525: 2.36
நீலம், 470: 2.64
ஊதா, 395: 3.14
கிருமி கொல்லும் யுவி-சி விளக்கு, 254: 4.88

இனி உலோகங்களின் பக்கம். ஓர் எலக்ட்ரானை உலோகத்தைவிட்டு வெளியே இழுக்கக் குறைந்தபட்சம் தேவைப்படும் ஆற்றல்தான் வெளியேற்று ஆற்றல். சீசியத்துக்கு அது சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட். சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் 2.3 அளவில். துத்தநாகத்துக்கு 4.3. தாமிரத்துக்கு அதைவிடவும் கூடுதல்.

இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் எந்த நிறமும் துத்தநாகத்திலிருந்து எலக்ட்ரானை எடுக்காது. ஊதா எல்இடிகூட 3.14-லேயே நின்றுவிடுகிறது. துத்தநாகத் தகட்டின் மீது நீல டார்ச் அடித்ததும் அதோடு இணைத்த மின்னூட்டங்காட்டியின் இலை விழுந்தது என்று யாராவது காட்டினால், அது மின்னூட்டக் கசிவே தவிர ஒளிமின் விளைவு அல்ல. வண்ண ஒளிக்கே எலக்ட்ரானைத் தரும் சீசியம், சோடியம் போன்றவையோ காற்றும் ஈரமும் பட்டால் நிமிடத்தில் கெட்டுவிடும், தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். அவற்றை வெற்றிடக் குழாய்க்குள் அடைத்துத்தான் பயன்படுத்த முடியும். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று, கல்லூரியில் ஒன்று என்று சோதனைகள் பிரிந்துகிடப்பதற்கு இதுதான் காரணம்.

சோதனை ஒன்று: எல்இடியை எல்இடியால் விசாரிப்பது

எல்இடிக்கு மின்சாரம் கொடுத்தால் ஒளி தரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒளி கொடுத்தால் மின்னழுத்தம் தரும் என்பது பலருக்குத் தெரியாது. எல்லா ஒளிக்கும் அது தராது என்பதில்தான் நம் சோதனையே இருக்கிறது.

தேவையானவை: 5 மில்லிமீட்டர் எல்இடிகள், சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று. வாங்கும்போது நிறமேற்றிய மூடி உள்ளதை வாங்காதீர்கள். அணைந்திருக்கும்போது தண்ணீர்போல் தெளிவாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பச்சைப் பிளாஸ்டிக் மூடியே சிவப்பு ஒளியைத் தடுத்துவிடும், பிறகு "மூடிதான் தடுத்தது" என்று ஒரு புத்திசாலிப் பிள்ளை சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது. அதோடு 9 வோல்ட் பேட்டரி ஒன்று, 470 ஓம் மின்தடை ஒன்று, 10,000 ஓம் மின்தடை ஒன்று, டிஜிட்டல் மல்டிமீட்டர், கறுப்பு சார்ட் தாள், கறுப்பு டேப்.

சார்ட் தாளைப் பென்சிலைச் சுற்றி உருட்டி ஐந்து சென்டிமீட்டர் நீளக் குழாய் செய்யுங்கள். ஒரு முனையில் பச்சை எல்இடியைச் செருகி, சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டுங்கள். இதுதான் நம் உணர்வி. இதற்குப் பேட்டரி கிடையாது. நீண்ட காலில் மல்டிமீட்டரின் சிவப்பு முனையையும், குட்டைக் காலில் கறுப்பு முனையையும் மாட்டி, 2 வோல்ட் நேர்மின் (DC) அளவில் வையுங்கள். குழாயின் மறுமுனையை விரலால் மூடினால் மீட்டர் சுழியத்துக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒளி கசிகிறது. எல்இடியின் பின்பக்கம்தான் பெரும்பாலும் குற்றவாளி, அங்கேயும் டேப் ஒட்டுங்கள். அறையின் விளக்கை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான வெள்ளை எல்இடி விளக்குகளில், கைபேசியின் டார்ச் உட்பட, உள்ளே இருப்பது நீல எல்இடியும் அதன்மேல் பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சும்தான். அந்த நீலம் பச்சை உணர்வியைத் தூண்டி உங்களை ஏமாற்றும்.

இப்போது சிவப்பு எல்இடியை 470 ஓம் மின்தடை வழியாகப் பேட்டரியில் இணைத்து, எரியும் தலையைக் குழாயின் மறுமுனையில் செருகுங்கள். மீட்டரைப் பாருங்கள். சில மில்லிவோல்ட்டுகளைத் தாண்டாது. குழாயைச் சுருக்கி, இரண்டு எல்இடிகளும் மூக்கோடு மூக்கு முட்டும்படி வையுங்கள். இன்னொரு சிவப்பைச் சேர்த்துப் பாருங்கள், மூன்றாவதையும் சேருங்கள். பிள்ளைகளே வந்து வைக்கட்டும். "இன்னும் பெரிசாப் போட்டா" என்று கேட்ட பிள்ளைதான் முதலில் வர வேண்டும். எண் அசையாது.

பிறகு நீலம். முதலிலேயே பிரகாசமாகக் காட்டாதீர்கள். 470 ஓமை எடுத்துவிட்டு 10,000 ஓமைப் போடுங்கள். நீல எல்இடி சோர்ந்துபோய் எரியும், சிவப்புக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அதைக் குழாயில் செருகியதும் மீட்டர் எழுந்துவிடும். நல்ல மல்டிமீட்டரில், நேருக்கு நேர் முழுப் பிரகாசத்தில் வைத்தால் ஒரு வோல்ட்டையும் தாண்டும். மலிவான மீட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்வதால் எண் குறைவாக வரலாம். ஆனால் சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள இடைவெளி மறையாது.

அடுத்து இடத்தை மாற்றுங்கள். சிவப்பு எல்இடியை உணர்வியாக்கி, பச்சையை எரியவிடுங்கள். மின்னழுத்தம் வரும். பச்சை சிவப்பைத் தூண்டும், சிவப்பு பச்சையைத் தூண்டாது. இந்த ஒருவழிப் பாதையைப் பார்த்துப் பிள்ளைகள் ஒரு கணம் அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதியில் அவசரப்பட்டு விளக்கம் சொல்லாதீர்கள், அவர்களே 1240-ஐ எடுத்து வகுக்கட்டும். (சிவப்பு உணர்வியில் நீல ஒளியை அடித்தால் சில எல்இடிகளில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வரும். படிகத்தின் மேலடுக்கே நீலத்தை விழுங்கிவிடுவதால் அது உள்ளே போய்ச் சேர்வதில்லை. பச்சையைப் பயன்படுத்தச் சொன்னது அதனால்தான்.)

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இங்கே எலக்ட்ரான் படிகத்தைவிட்டு வெளியேறவில்லை. குறைகடத்தியின் ஆற்றல் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது, அவ்வளவுதான். ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் கண்ட, பாடநூல் சொல்லும் ஒளிமின் விளைவில் எலக்ட்ரான் உலோகத்தைவிட்டே வெளியேற வேண்டும். எல்இடிக்குள் நடக்கும் இதையோ அக ஒளிமின் விளைவு என்பார்கள். மீட்டர் காட்டும் மின்னழுத்தத்தையும் (மூன்றாவது சோதனையில் வரும்) நிறுத்து மின்னழுத்தம் என்று நினைத்து, ஒளியின் அதிர்வெண்ணை ஃபோட்டானின் ஆற்றலாக மாற்றும் பிளாங்க் மாறிலியைக் கணக்கிடப் போகாதீர்கள். ஆனால் ஒரு ஃபோட்டான், ஓர் எலக்ட்ரான், ஒரே அடி என்ற விதி இரண்டுக்கும் பொதுவானது.

எல்இடிக்குப் பதில் டார்ச்சின்மேல் வண்ணக் கண்ணாடித்தாள் சுற்றினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. பரிசுப் பொட்டலத்துக்குச் சுற்றும் தாள்கள் மற்ற நிறங்களையும் கொஞ்சம் கசியவிடும். இந்தச் சோதனையில் அந்தக் கொஞ்சமே எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

சோதனை இரண்டு: துத்தநாகத் தகடும் விழும் இலையும்

1887-இல் கார்ல்ஸ்ரூவில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஏற்பியில் தாவும் பொறி மிகச் சிறியது. அதைச் சரியாகப் பார்க்க அதன்மேல் ஓர் இருட்டுப் பெட்டியைக் கவிழ்த்தார். பொறி சுருங்கிவிட்டது. அலைகளை உண்டாக்கும் முதன்மைப் பொறியின் ஒளி மறைக்கப்பட்டதுதான் காரணம் என்று துப்புத் துலக்கி, குறுக்கே கண்ணாடியை வைத்தால் பொறி சுருங்குவதையும் குவார்ட்ஸை வைத்தால் சுருங்காததையும் கண்டார். அடுத்த ஆண்டு வில்ஹெல்ம் ஹால்வாக்ஸ், மெருகேற்றிய துத்தநாகத் தகட்டை மின்னூட்டங்காட்டியோடு இணைத்து இதே விளைவைத் தெளிவாகக் காட்டினார். நாம் செய்யப்போவது கிட்டத்தட்ட அதே சோதனை.

இலை மின்னூட்டங்காட்டி (மின்னூட்டம் ஏறினால் இலைகள் விரியும், இழந்தால் விழும்) ஆய்வகத்தில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஊறுகாய் வந்த அகலவாய்க் கண்ணாடி பாட்டில் போதும். மூடியில் பெரிய துளை போட்டு, நடுவில் தடித்த தாமிரக் கம்பியை நிறுத்தி, சுற்றிலும் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றுங்கள். மெழுகு அருமையான மின்காப்பி, பிளாஸ்டிக் மூடியைவிட நம்பலாம். கம்பி எங்கும் மூடியைத் தொடக் கூடாது. பாட்டிலுக்குள் இருக்கும் முனையைக் கொக்கியாக வளைத்து, சமையலறை அலுமினியத் தாளில் வெட்டிய, 4 மில்லிமீட்டர் அகலமும் 4 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரண்டு இலைகளைத் தொங்கவிடுங்கள். கொக்கியில் மாட்ட இலையில் போடும் துளை கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், இலை தடையின்றி ஆட வேண்டும். மேல் முனையில் துத்தநாகத் தகடு.

தகட்டுக்கு வேதியியல் ஆய்வகத்து துத்தநாகப் பட்டை சிறந்தது. கிடைக்காவிட்டால் ஜி.ஐ. தகட்டுத் துண்டு, அதன்மேல் பூசியிருப்பது துத்தநாகம்தான். எதுவானாலும் சோதனைக்குச் சில நிமிடங்களுக்கு முன்பு உப்புத்தாளால் பளபளவென்று தேய்க்க வேண்டும். ஜி.ஐ. என்றால் பூச்சே போய்விடாதபடி மெதுவாக. இந்த ஒரு வரியைத் தவறவிட்டவர்கள்தான் பெரும்பாலும் "எங்களுக்கு வரலை" என்பார்கள். நேற்றுத் தேய்த்த தகட்டின் மேல் இன்றைக்கு ஆக்ஸைடு படிந்திருக்கும். எலக்ட்ரான் அதைத் தாண்டி வராது.

எதிர் மின்னூட்டம் தர, எலக்ட்ரீஷியன் சுவருக்குள் பதிக்கும் பிவிசி குழாயில் ஒரு முழம் எடுத்து, கம்பளித் துணியால் வேகமாகத் தேய்த்து, தகட்டின் விளிம்பில் இழுத்து வருடுங்கள். இலைகள் விரியும். நேர் மின்னூட்டத்துக்குக் கண்ணாடிக் கோலைப் பட்டுத் துணியால் தேய்க்கலாம்.

விரிந்த இலையோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். எந்த விளக்கும் வேண்டாம். இரண்டு நிமிடம் இலை நின்றால் மேலே போகலாம். அதற்குள் விழுந்துவிட்டால் காற்றின் ஈரம்தான் காரணம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இதைச் செய்யத் தொடங்கினால் மனம் வெறுத்துப்போகும். உள்மாவட்டங்களின் கோடை நண்பகல் கைகொடுக்கும். வேறு வழியே இல்லை என்றால் முடி உலர்த்தும் டிரையரால் மெழுகையும் பாட்டிலையும் சூடாக்காமல் உலர்த்துங்கள்; மெழுகு இளகிவிடக் கூடாது.

விளக்குக்கு வருவோம். வேண்டியது 254 நானோமீட்டர் தரும் யுவி-சி குழாய். வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்பானில் இருக்கும் 11 வாட் குழாய் அதுதான், உதிரிபாகமாகச் சோக்கோடு தனியாகவே விற்கிறார்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு "யுவி-சி" என்று எழுதிய கைவிளக்கு ஒன்றை நான் ஆசையாக வாங்கினேன். தகட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், மெழுகை மாற்றினேன், இரண்டு மாலைகள் போயின. இலை அசையவே இல்லை. கடைசியில் விளக்கைப் பிரித்தால் உள்ளே வெறும் ஊதா எல்இடிகள். 3.1 எலக்ட்ரான் வோல்ட்டை வைத்துக்கொண்டு 4.3-ஐத் தாண்டு என்று துத்தநாகத்திடம் கெஞ்சியிருக்கிறேன். அந்த விளக்கைத் தூக்கிப்போடவில்லை. இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் "வேலை செய்யாத ஒளி" என்று அதையும் காட்டுகிறேன். கள்ளநோட்டு பார்க்கும் டார்ச்சும் இதே கதைதான். 365 நானோமீட்டர் தரும் நல்ல டார்ச் ஆனாலும் 3.4-க்கு மேல் போகாது. உண்மையான யுவி-சி குழாய் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், எரியும்போது உள்ளே மங்கிய நீலம் மட்டுமே தெரியும்.

அந்த மங்கலைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது. 254 நானோமீட்டர் ஒளி கண்ணின் கருவிழியையும் தோலையும் சுடும். சுடும்போது தெரியாது, சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் வலிக்கும். வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், அதே வலி. ஆகவே விளக்கைத் திறந்தவெளியில் எரியவிடவே கூடாது. அட்டைப் பெட்டிக்குள் குழாயைப் பொருத்தி, தகட்டை நோக்கி மட்டும் மூன்று சென்டிமீட்டர் சதுரச் சன்னல் வெட்டுங்கள். தகட்டின் பின்னாலும் ஓர் அட்டைத் தடுப்பு நிற்கட்டும், மிஞ்சிய ஒளி அங்கேயே முடியும். முகம் முழுவதும் மறைக்கும் பாலிகார்பனேட் கவசம், முழுக்கை சட்டை, கையுறை. பிள்ளைகள் பெட்டிக்குப் பின்பக்கம், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி. சுவிட்ச் ஆசிரியர் கையில் மட்டும். குழாய்க்குள் பாதரசம் உண்டு, உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்புங்கள்.

இவ்வளவும் ஆனபிறகு, இலையை எதிர் மின்னூட்டத்தால் விரியச் செய்து, முதலில் சிவப்பு, பச்சை, நீல எல்இடிகளைத் தகட்டின் அருகில் காட்டுங்கள். பிறகு ஊதா. வகுப்பில் உள்ள அத்தனை டார்ச்சையும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். இலை நிற்கும்.

பத்து சென்டிமீட்டர் தூரத்தில் பெட்டியின் சன்னலை வைத்து யுவி-சி குழாயைப் போடுங்கள். இரண்டு நிமிடம் அசையாமல் நின்ற இலை சில நொடிகளில் சாய்ந்துவிடும். முதலில் ஒரு சின்ன நடுக்கம், பிறகு யாரோ மேலிருந்து நூலைத் தளர்த்தியதுபோல ஒரே சீராக இறக்கம்.

மறுபடி மின்னூட்டம் கொடுத்து, இந்த முறை சன்னலுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் துண்டை நிறுத்துங்கள். புகைப்படச் சட்டத்தின் கண்ணாடி போதும். விளக்கு எரிவது முன்போலவே தெரியும், இலை மட்டும் விழாது. கண்ணாடியை எடுத்ததும் விழும். ஹெர்ட்ஸ் பார்த்தது இதைத்தான். கண்ணுக்குத் தெரியும் நீலத்தில் ஒரு துளியும் குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை மட்டும் கண்ணாடி விழுங்கிவிட்டது.

கடைசியாக நேர் மின்னூட்டம் கொடுத்துச் செய்யுங்கள். யுவி-சி முழுதாக விழுந்தாலும் இலை விழாது. வெளியேறும் எலக்ட்ரானை நேர் மின்னூட்டம் கொண்ட தகடே இழுத்துக்கொள்கிறது. இந்தப் படியைச் சலிப்பென்று விட்டுவிடாதீர்கள். "விளக்கின் வெப்பத்தால் விழுந்திருக்கலாம்", "காற்று கடத்தியாகிவிட்டிருக்கலாம்" என்ற இரண்டு ஐயங்களுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. காற்று கடத்தியாகியிருந்தால் நேர் மின்னூட்டமும் கசிந்திருக்குமே.

சோதனை மூன்று: ஒளிமின்கலமும் நிறுத்து மின்னழுத்தமும்

இதுவரை வரும், வராது என்று மட்டும் பார்த்தோம். வரும் எலக்ட்ரான் எவ்வளவு ஆற்றலோடு வருகிறது என்பதை நிறம் நிறமாக அளப்பதுதான் இந்தச் சோதனை. கல்லூரி ஆய்வகங்களில் பிளாங்க் மாறிலி சோதனை என்ற பெயரில் இருக்கும் பெட்டி: உள்ளே சீசியம் கலந்த (தூய சீசியத்தைவிட எளிதில் எலக்ட்ரானைத் தரும்) பூச்சுள்ள எதிர்முனையோடு ஒரு வெற்றிட ஒளிமின்கலம், அளவுகோல் தண்டில் நகரும் விளக்கு, ஐந்து வண்ண வடிகட்டிகள், நானோஆம்பியர் அளக்கும் மீட்டர், வெளிவரும் எலக்ட்ரானைத் தடுக்கும் மாற்றத்தக்க எதிர்மின்னழுத்தம்.

ஒளிமின்கலத்தை மூடிவைத்தே மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். விளக்கு பத்து நிமிடம் எரிந்து நிலைப்படட்டும். ஒரு வடிகட்டியைச் செருகி, எதிர்மின்னழுத்தத்தைச் சுழியத்திலிருந்து 0.05 வோல்ட் வீதம் கூட்டிக்கொண்டே, ஒவ்வொரு படியிலும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் குறைந்துகொண்டே வந்து அற்றுப்போகும் இடம்தான் அந்த நிறத்தின் நிறுத்து மின்னழுத்தம். மிக வேகமாக வரும் எலக்ட்ரானால்கூட அந்த மேட்டை ஏற முடியவில்லை என்று பொருள்.

சொல்லும்போது எளிது. செய்யும்போது மின்னோட்டம் சுழியத்தில் நிற்காமல் எதிர்ப்பக்கம் கொஞ்சம் இறங்கும். எதிர்முனையிலிருந்து ஆவியான சீசியம் கொஞ்சம் நேர்முனையிலும் படிந்திருக்கும். அதன்மேல் சிதறிய ஒளி பட்டு அங்கிருந்தும் எலக்ட்ரான் கிளம்புகிறது. ஆகவே வளைகோடு சுழியக் கோட்டை வெட்டும் புள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். வரைபடத்தில் போட்டு, எதிர்ப்பக்கக் கிடைப்பகுதியைவிட்டு வளைகோடு மேலே எழத் தொடங்கும் முழங்காலைத் தேடுங்கள். முழங்கால் அருகில் 0.02 வோல்ட் இடைவெளியில் அளவெடுத்தால் இன்னும் நல்லது.

இன்னொரு எதிரி, ஆய்வகத்து டியூப் லைட். சிவப்பு வடிகட்டியில் மின்னோட்டம் மிகக் குறைவாகத்தான் இருக்கும். அப்போது மூடியின் இடுக்கு வழியாக நுழையும் ஒரு சிட்டிகை டியூப் லைட் வெளிச்சத்தில் உள்ள நீலமே நிறுத்து மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். உள்ளே வரும் ஒளியில் மிகக் குறுகிய அலைநீளம் எதுவோ அதுதான் கடைசி எலக்ட்ரானை அனுப்புகிறது, அது எவ்வளவு குறைவாக வந்தாலும் சரி. சிவப்பில் அளவெடுக்கும்போது அறையை முழு இருட்டாக்குங்கள், கைபேசித் திரையும் வேண்டாம்.

வழக்கமாக வரும் வடிகட்டிகள் 635, 570, 540, 500, 460 நானோமீட்டர். இவற்றின் அதிர்வெண்கள் முறையே 4.72, 5.26, 5.55, 6.00, 6.52, ஒவ்வொன்றும் × 10¹⁴ ஹெர்ட்ஸ். கிடை அச்சில் அதிர்வெண், குத்தச்சில் நிறுத்து மின்னழுத்தம். ஐந்து புள்ளிகளுக்கும் பொருந்தும் நேர்கோடு வரைந்து, அதன் சாய்வை எலக்ட்ரானின் மின்னூட்டமான 1.602 × 10⁻¹⁹ கூலூமால் பெருக்கினால் பிளாங்க் மாறிலி.

வரைபடம் போடும் முன்பே ஒரு சோதனை இருக்கிறது. 635-க்கும் 460-க்கும் உள்ள நிறுத்து மின்னழுத்த வேறுபாடு 0.74 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 0.4, 0.5 என்று வந்தால் திரும்ப அளவெடுங்கள். சிவப்பில் வெளிச்சம் கசிந்து அதன் மதிப்பு ஏறியிருக்கும், அல்லது நீலத்தில் எதிர்மின்னோட்டம் மதிப்பை இறக்கியிருக்கும். எண்களைத் "திருத்தி" 6.6 வரவைத்த பதிவேடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 5.3 வந்து, அது ஏன் வந்தது என்று எழுதிய பதிவேட்டுக்கே நான் முழு மதிப்பெண் தருவேன்.

நேர்கோட்டின் வெட்டுத்துண்டிலிருந்து எதிர்முனையின் வெளியேற்று ஆற்றலைக் கண்டுபிடித்ததாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. இரண்டு வேறு உலோகங்களைக் கம்பியால் இணைத்தாலே அவற்றுக்கிடையே ஒரு தொடு மின்னழுத்தம் உருவாகிவிடும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், வெட்டுத்துண்டில் நிற்பது நேர்முனையின் வெளியேற்று ஆற்றல்தான். நல்லவேளையாகச் சாய்வை இது தொடுவதில்லை. எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவு மேலேயோ கீழேயோ தள்ளுகிறது, அவ்வளவுதான்.

இந்தத் தொல்லைகள் நமக்கு மட்டும் வந்தவை அல்ல. 1905-இல் ஐன்ஸ்டீன் இந்த நேர்கோட்டைத் தாளில் எழுதியபோது, அதைச் சரிபார்க்கப் போதுமான அளவீடு யாரிடமும் இல்லை. சிகாகோவில் ராபர்ட் மில்லிகன் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இதோடு போராடினார். ஐன்ஸ்டீனின் விளக்கத்தில் அவருக்கு நம்பிக்கையே இல்லை. லித்தியம், சோடியம், பொட்டாசியம் உருளைகளை வெற்றிடக் குழாய்க்குள் வைத்து, வெளியிலிருந்து காந்தத்தால் இயக்கும் கத்தியால் மேற்பரப்பைச் சீவி, ஆக்ஸைடு படியும் முன் அளந்தார். நாம் உப்புத்தாளால் தேய்ப்பதை அவர் வெற்றிடத்துக்குள் செய்தார். தொடு மின்னழுத்தத்தையும் தனியாக அளந்து கழித்தார். 1916-இல் அவர் வெளியிட்ட மதிப்பு 6.57 × 10⁻³⁴ ஜூல் நொடி; இன்று வரையறுக்கப்பட்டுள்ள மதிப்பு 6.626. நம்பாதவர் அளந்த அளவே ஐன்ஸ்டீனின் நேர்கோட்டுக்கு உறுதியான சாட்சியாகிவிட்டது. ஐன்ஸ்டீனுக்கு 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஒளிமின் விளைவின் விதிக்காகத்தான் தரப்பட்டது. மில்லிகனுக்கு 1923-இல்.

எல்இடி எரியத் தொடங்கும் மின்னழுத்தத்தை அளந்து பிளாங்க் மாறிலி காணும் சோதனையையும் சிலர் ஒளிமின் விளைவு என்று தலைப்பிட்டு எழுதுகிறார்கள். நல்ல சோதனை, பெயர் தவறு. அங்கே எலக்ட்ரான் ஒளியைத் தருகிறது, ஒளி எலக்ட்ரானைத் தருவதில்லை.

கடைசிப் படி: தூரம்

நிறத்தை மாற்றிப் பார்த்தாயிற்று. முதலில் வந்த கேள்வி பிரகாசத்தைப் பற்றியதல்லவா?

நீல வடிகட்டியை மாற்றாமல் வைத்துக்கொண்டு, விளக்கை 25 சென்டிமீட்டரில் நிறுத்தி எதிர்மின்னழுத்தம் இல்லாதபோது மின்னோட்டம் எவ்வளவு என்று குறியுங்கள். பிறகு நிறுத்து மின்னழுத்தத்தை முழங்கால் பார்த்து எடுங்கள். விளக்கை 35 சென்டிமீட்டருக்குத் தள்ளுங்கள். 25-ஐ 35-ஆல் வகுத்து இருமடி எடுத்தால் 0.51, ஒளி ஏறக்குறைய பாதியாகிறது. மின்னோட்டமும் பாதியாகிவிடும். மறுபடியும் நிறுத்து மின்னழுத்தத்தை எடுங்கள். இரண்டு வளைகோடுகளையும் ஒரே வரைபடத்தாளில் வேறு வேறு நிறப் பேனாவால் வரையுங்கள். வலப்பக்கம் இரண்டும் அகன்று நிற்கும். இடப்பக்கம் வர வர நெருங்கி, ஒரே புள்ளியில் போய்ச் சேரும்.

இந்தப் படியை மட்டும் நான் செய்வதில்லை. கேள்வி கேட்ட பிள்ளையை உட்காரவைத்து, பக்கத்தில் இன்னொருவர் எழுதிக்கொள்ள, எண்களை அவரே படிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். 45 சென்டிமீட்டரிலும் ஒருமுறை பார்க்கலாமா என்று அவர்களே கேட்பார்கள். தாராளமாகப் பார்க்கட்டும், நேரம் ஒதுக்கி வையுங்கள்.

முடிந்ததும் மின்னழுத்தத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, விளக்கை அணைத்து, ஒளிமின்கலத்தின் மூடியைப் போட்ட பிறகே அறை விளக்கைப் போடுங்கள். மூடியில்லாமல் பகல் வெளிச்சத்தில் கிடந்தால் அந்தப் பூச்சு சீக்கிரம் களைத்துவிடும். அடுத்த ஆண்டு அதே கேள்வியோடு வரும் பிள்ளைக்கு அது வேண்டும்.